ஆதாரம்: மச்சான் சொன்னது

"நல்லாயிருக்கு" என்ற சொல்லை என் அத்தானுக்கு முன்னால் பாவிக்க முடியாது. அக்கா சுட்ட தோசையைத் தின்றுவிட்டு நல்லாயிருக்கு என்று வாய்தவறிச் சொன்னால், சாப்பாட்டுக் கோப்பையிலிருந்து தலையை எடுக்காமல் கேட்பார்:

"எதோடை பாக்க?"

நேற்றுச் சுட்டதோடா, கடையில் விற்கிறதோடா, உன் பெண்சாதி சுடுகிறதோடா? மா ஒரே அளவா, புளிக்கவிட்டது ஒரே நேரமா? இவ்வளவும் விசாரித்து முடிய தோசை ஆறிப்போயிருக்கும்.

ஒருமுறை அரியாலையில் ஒரு செத்த வீட்டுக்குப் போயிருந்தோம். பக்கத்தில் இருந்த கிழவர் பெருமூச்சு விட்டு, "நல்ல மனுசன்" என்றார். அத்தானுடைய வாய் திறந்தது. அக்கா பின்னாலிருந்து அவருடைய முழங்கையைக் கிள்ளினாள். வாய் மூடிக்கொண்டது. அவர் அந்தக் கேள்வியைக் கேட்காமல் விட்டது வாழ்நாளில் அந்த ஒரு தடவைதான் என்று நெடுங்காலம் எல்லோருக்கும் சொல்லிச் சிரித்திருக்கிறேன். இன்னொரு தடவையும் உண்டு. அதைச் சொல்ல எனக்கு இத்தனை வருடம் பிடித்திருக்கிறது.

அவர் அச்சுவேலிப் பக்கத்தில் ஒரு சின்னத் தபாற்கந்தோரில் கிளாக்கர். பிறந்தது வடக்குக் கரையில், தோணி வைத்திருந்த கடலோடிக் குடும்பத்தில். நாங்கள் செம்மண்ணில் புகையிலையும் வெங்காயமும் வைத்த தோட்டக்காரர். இந்த இரண்டுக்கும் இடையில் எவ்வளவு தூரம் என்று எங்கள் பக்கத்து வாசகர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்குச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. அக்கா முத்திரை வாங்கப் போய்வந்து, போய்வந்து, ஒருநாள் பதிவுத் திருமணம் செய்துகொண்டு வந்தாள். அவ்வளவு முத்திரைக்கு எங்கள் வீட்டில் யாரும் கடிதம் எழுதுவதில்லை என்பது அதற்குப் பிறகுதான் எங்களுக்கு உறைத்தது.

ஐயா மூன்று வருடம் மருமகனோடு கதைக்கவில்லை. நாலாம் வருடம் கதைத்தார். "சைக்கிளை நிழலிலை விடும்" என்றார். அதற்கு மேல் பெரிதாக ஒன்றும் கதைத்ததாக ஞாபகமில்லை. ஆனால் கண்ணை மூடுவதற்கு முன் தோட்டத்தில் பாதியை அக்காவுக்கு எழுதிவைத்தார். மறுபாதி எனக்கு. அக்காவின் பாதி பின்னாளில் அவளுடைய ஒரே மகளுக்குச் சீதனமாகப் போகவேண்டும் என்பது எழுதாத ஏற்பாடு.

நடுவில் ஒரு பங்குக்கிணறு. மூன்று பங்கு: அக்காவுடையது, என்னுடையது, பெரியப்பாவின் மகன் பெரியண்ணையுடையது. யார் எந்த நாள் இறைப்பது என்று முறை வகுத்திருந்தது. என் முறை வரும் நாட்களில் எனக்குத் தலையிடி வரும். நான் காணிப் பதிவுக் கந்தோரில் கிளாக்கர், மற்றவர்களுடைய காணிகளைக் காகிதத்தில் பார்ப்பதோடு என் விவசாயம் முடிந்துவிட்டது.

அத்தானுக்கும் கரும்புக்கும் என்ன சம்பந்தம் என்று ஊரில் பலரும் கேட்டிருக்கிறார்கள். கரையில் கரும்பு விளையாது. எனக்குத் தெரிந்த காரணம் ஒன்றுதான்.

பட்டணத்து வாசிகசாலையில் ஒரு தடித்த புத்தகத்தில் உலகநாடுகளின் கரும்பு விளைச்சல் அட்டவணை ஒன்று இருந்தது. ஒரு ஏக்கருக்கு எந்த நாட்டில் எவ்வளவு, போன வருடம் எவ்வளவு, பத்து வருடத்துக்கு முன் எவ்வளவு என்று. கியூபா இருந்தது. மொரிசியஸ் இருந்தது. பெரு, ஹவாய், ஜாவா எல்லாம் இருந்தன. இலங்கையைத் தேடினார். இல்லை. கடைசி வரியில் "ஏனைய நாடுகள்" என்று இருந்தது.

அன்று பின்னேரம் சைக்கிளைக்கூடச் சரியாக நிறுத்தாமல் என்னிடம் வந்தார்.

"மச்சான், குறைவெண்டா குறைவெண்டு போடட்டும். எல்லாருக்கும் கீழை போடட்டும். 'ஏனைய' எண்டா என்ன கதை? அதுக்கை ஆரார் நிக்கினம் எண்டு போட்டவனுக்கே தெரியாது."

"அத்தான், எங்களிட்டைக் கரும்பு குறைவு. அதுதான்."

"எதோடை பாக்க?" என்றார்.

ஐம்பத்தாறாம் ஆண்டுத் தனிச் சிங்களச் சட்டத்துக்குப் பிறகு வந்த காலம் அது. சிங்களம் படித்துச் சோதினை பாஸ் பண்ணாத உத்தியோகத்தருக்குச் சம்பள உயர்வு கிடையாது என்று சுற்றறிக்கைகள் வந்துகொண்டிருந்தன. அத்தான் அந்தச் சோதினைக்குப் போகவில்லை. நான் போனேன், பாஸும் பண்ணினேன். இதை நான் பெருமையாகச் சொல்வதில்லை. சம்பள உயர்வை வேண்டாமென்றும் சொல்லவில்லை. கந்தோரிலும் அவர் ஏனையவர், எங்கள் வீட்டிலும் அவர் ஏனையவர். கல்யாண வீட்டில் மருமக்களை ஒவ்வொருவராகப் பேர்சொல்லிக் கூப்பிட்டுப் பந்தியில் இருத்துவார்கள். கடைசியில், "மற்ற ஆக்களும் வந்து இருங்கோ" என்பார்கள். அத்தான் எழும்பிப் போவார்.

அப்படித்தான் அந்தக் கொப்பி தொடங்கியது.

நீளமான, கோடு போட்ட கொப்பி. வருடம், நாடு, வெட்டிய கரும்பின் எடை, காணியின் அளவு, கரும்பு நிலத்தில் நின்ற மாதங்கள், ஆதாரம் என்று பத்திகள். அவர் கரும்பு விளைகிற தேசங்களின் விவசாயத் திணைக்களங்களுக்கு எல்லாம் தன் கைப்பட ஆங்கிலத்தில் கடிதம் எழுதினார். அவர்களும் ஏதோ பெரிய ஆராய்ச்சியாளர் என்று நினைத்து அறிக்கைகள் அனுப்பினார்கள். கடிதம் வந்தால் தானே முத்திரை குத்தி, தானே தனக்கு ஒப்படைத்து, தானே திறப்பார். பருத்த உறைகளைக் கண்டு அவர் வெளிநாடு போகப் போகிறார் என்று ஊரில் கதை பரவியது. ஒரு கல்யாணத் தரகர் விசாரிக்க வந்து, ஆளுக்கு ஏற்கெனவே கலியாணமாகிப் பிள்ளையும் இருக்கிறது என்று அறிந்து துக்கத்தோடு திரும்பினார்.

அவருக்கு நாடுகள் மீது விருப்பு வெறுப்பு இல்லை. அளவு ஒன்றாக இருக்கவேண்டும், அவ்வளவுதான். ஹவாய் உச்சியில் நிற்கிறதே என்று நான் ஒருநாள் சொன்னேன்.

"அவன் கரும்பை ரண்டு வருசம் நிக்கவிட்டு வெட்டுறான். ரண்டு வயசுப் பிள்ளையையும் ஒரு வயசுப் பிள்ளையையும் தூக்கிப் பாத்து எது பாரம் எண்டு கேக்கிறதே? மாசத்தாலை பிரியும். பிறகு கதையும்."

கியூபாக்காரன் காணியைக் கபயேரியாவில் அளக்கிறான், ஜாவாவில் ஒல்லாந்தன் விட்டுப்போன பௌ என்ற அளவு. எல்லாவற்றையும் ஏக்கருக்குக் கொண்டுவருவார். மொரிசியசில் சூறாவளி அடித்த வருடத்தைத் தனிக் குறியிட்டு வைப்பார், அந்த நாட்டுக்கு அநியாயம் செய்துவிடக் கூடாது என்று. ஜாவாவின் வரியை வாசிக்கும்போது மட்டும் குரல் இறங்கும். இரண்டாம் உலக யுத்தத்துக்கு முன் அது உச்சியில் நின்றது. பிறகு ஆண்டுக்கு ஆண்டு கீழே.

"ஒரு நாடு விழுகுதெண்டா முதலிலை ஏக்கருக்குத்தான் தெரியும் மச்சான். சனத்துக்குப் பிறகுதான் தெரியும்."

அவருக்கு ஒரு கடுமையான பழக்கம் இருந்தது. ஓர் ஆதாரத்தில் சந்தேகம் வந்தால், தனக்கு ஏற்கெனவே விடை தெரிந்த ஒரு கேள்வியை அதனிடம் எழுதிக் கேட்பார்.

"தெரியாததைக் கேட்டா அவன் சொல்லுறது சரியோ பிழையோ எண்டு எப்பிடிப் பிடிக்கிறது? தெரிஞ்சதைக் கேக்கவேணும்."

பிழையை ஒத்துக்கொண்டு பதில் வந்தால் அந்த ஆதாரத்துக்குக் கீழே சிவப்பு மையால் கோடு போடுவார். அது அவர் கொடுக்கும் உயர்ந்த விருது. "மன்னிக்கவும், அச்சுப் பிழை" என்று தூரத்துத் தீவொன்றிலிருந்து வந்த ஒரு தபாலட்டையை அலுமாரிக்குள் ஒட்டி வைத்திருந்தார். "பிழை விடாதவன் எண்டு ஒருத்தனும் இல்லை. பிழையைக் கேட்டாப் பிறகும் பிழையைச் சொல்லுறவன்தான் உதவாதவன்" என்பார். அப்படி மழுப்புகிறவனின் பெயருக்குப் பக்கத்தில் பென்சிலால் குறுக்கும் மறுக்கும் இரண்டு கோடு, ஒரு சின்னப் புள்ளடி. பிறகு அந்த ஆதாரத்திடம் அவர் ஒன்றும் கேட்கமாட்டார். கோபமும் இல்லை, திட்டும் இல்லை. புள்ளடி மட்டும்தான்.

அறுபதுகளின் பிற்பாதியில் பெருவின் அறிக்கை வந்தது. பெருவின் கரையோரத்தில் மழையே இல்லை, முழுக்க இறைப்பில்தான் கரும்பு என்று அதில் இருந்தது. அத்தான் அன்றிரவு சாப்பிடவில்லை என்று அக்கா சொன்னாள். மறுநாள் காலையில் அக்காவுக்கும் மகளுக்கும் எனக்கும் பெருவை விளங்கப்படுத்தினார். மழை இல்லாத தேசம், இறைப்பு, வெயில், உலகத்திலேயே முன்வரிசை. எங்களுக்கும் மழை இல்லை, வெயில் இருக்கிறது, கிணறு இருக்கிறது, மாட்டெரு இருக்கிறது. ஒப்பிட்டால் ஒன்றும் குறைவில்லை.

அக்கா அடுப்பை ஊதிக்கொண்டு கேட்டாள்:

"அவைக்குத் தண்ணி எங்காலை வருகுது?"

"மலையிலையிருந்து ஆறு வருகுது."

"எங்களிட்டை மலை இருக்கே?"

அத்தான் கொப்பியைப் பார்த்தார். மலை என்று ஒரு பத்தி இல்லை. எனக்கும் அது பெரிய கேள்வியாகப் படவில்லை. புகைக்குள் இருந்து வருகிற கேள்விகளை நாங்கள் படித்த ஆண்கள் அவ்வளவாக எடுத்துக்கொள்வதில்லை.

அக்காவின் காணியில் நாலு பரப்பில் கரும்பு நட்டார். பெரியண்ணை வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

"கடல்காரர் நட்டா கரும்பு ஆடுமோ, அலையடிக்குமோ?"

"ரண்டையும் அளந்து சொல்லுறன்" என்றார் அத்தான்.

அவர் கிணற்றுத் துலாவில் பனையோலைப் பட்டையைக் கட்டி இறைத்தார். கந்தோருக்குப் போகமுன் ஒருதரம், வந்தபிறகு ஒருதரம். தோட்டத்தில் பிறந்த நான் அப்படி ஒருநாளும் இறைத்ததில்லை. ஒரு வருடம் கழித்து வெட்டினார். சங்கக்கடைத் தராசைக் கெஞ்சி வாங்கிவந்து ஒவ்வொரு கட்டாக நிறுத்தார். மொத்தத்தை எழுதிவிட்டு என்னைப் பார்த்துக் கேட்டார்:

"மச்சான், உங்கடை பக்கத்திலை எத்தினை பரப்பு ஒரு ஏக்கர்?"

எங்கள் ஊரில் ஏக்கரில் யோசிக்கிற ஆள் அவர் ஒருவர்தான். மற்ற எல்லோருக்கும் பரப்புப் போதும். ஆனால் பரப்பு இரண்டு வகை. வயலுக்கு ஒன்று, தோட்டத்துக்கு ஒன்று. வயற்பரப்பு சின்னது, இருபத்துநாலு சேர்ந்தால்தான் ஒரு ஏக்கர். தோட்டப்பரப்பு பெரிது, பதினாறிலேயே ஏக்கர் முடிந்துவிடும். கடற்கரையில் பிறந்தவருக்கு இது தெரிய நியாயமில்லை. எனக்குத் தெரியாமலிருக்க நியாயமில்லை. அதற்குத்தான் எனக்குச் சம்பளம். ஆனால் அந்தக் கிழமை முழுவதும் நான் தென்மராட்சி வயல்களின் உறுதிப் பத்திரங்களை நகலெடுத்துக்கொண்டிருந்தேன். கை எழுதியதை வாய் சொன்னது.

"இருபத்துநாலு."

பதினாறு என்றால் நாலு பரப்பின் எடையை நாலால் பெருக்கவேண்டும். அவர் ஆறால் பெருக்கினார். மாதத்தால் பிரித்தார். திரும்பப் பெருக்கி, திரும்பப் பிரித்தார். பிறகு பென்சிலைக் கீழே வைத்துவிட்டுக் கைகளைத் தொடையில் துடைத்தார்.

எங்கள் காணி பெருவைத் தாண்டி நின்றது. ஹவாயைத் தாண்டி நின்றது. யுத்தத்துக்கு முந்திய ஜாவாவின் தோளில் கைபோட்டுக்கொண்டு நின்றது. காணியளவின் கீழே ஆதாரம் எழுதினார்: மச்சான் சொன்னது. மொரிசியசின் அரசாங்க அறிக்கைக்கு அடுத்த வரியில் நான் இருந்தேன்.

அந்த ஆவணியில் பண்டத்தரிப்பில் ஒரு கல்யாணம். சொந்தக்காரர் எல்லோரும் கூடியிருந்தார்கள். எனக்கு நாலுபேர் கூடிய இடத்தில் கதைக்காமல் இருக்க வராது. என் அக்காவின் புருசன் நாலு பரப்பில் உலகத்தையே வென்றுவிட்டார் என்று சபையில் சொன்னேன். நாடு நாடாகச் சொன்னேன். பெருவையும் ஹவாயையும் பெண்வீட்டாரைவிட ஏழைகளாக்கிக் காட்டினேன். மணமகனின் தகப்பன் எழும்பி, தன் பக்கத்துக் கதிரையைத் துடைத்து, "இஞ்சாலை வந்து இரும் தம்பி" என்று அத்தானைக் கூப்பிட்டார்.

அத்தான் அந்தக் கதிரையில் இருந்தார். சாயவில்லை. நுனியில் இருந்தார். அக்கா பெண்கள் பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். கல்யாணம் முடித்துப் பதினொரு வருடத்தில் அவரை எங்கள் சனம் தனியாகக் கூப்பிட்டது அன்றுதான்.

மூன்று கிழமை கழித்துக் கந்தோரில் ஒரு தோட்டக் காணி உறுதி என் மேசைக்கு வந்தது. பரப்பு இத்தனை, ஏக்கர் இவ்வளவு என்று இரண்டும் எழுதியிருந்தது. பார்த்தேன். பேனையை மூடினேன். தேத்தண்ணி குடிக்கப் போனேன். திரும்பி வந்தபோதும் அது அப்படியே இருந்தது.

நாலால் பெருக்கிப் பார்த்தேன். எங்கள் காணி மொரிசியசுக்குக் கீழே, கியூபாவுக்கு மேலே, மரியாதையான ஒரு நடு இடத்தில் நின்றது. வெட்கப்பட ஒன்றுமில்லை. கதிரை துடைக்கவும் ஒன்றுமில்லை.

பொங்கலுக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன். பொங்கலன்று அவர் என் வீட்டுக்குக் கரும்பு கொண்டுவந்தார், நல்லநாளில் எப்படிச் சொல்வது? வருடப்பிறப்புக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன். அதற்கிடையில் அவர் தண்ணி இறைக்கும் மிசின் வாங்கிவிட்டார். அக்காவின் காணி முழுவதும் கரும்பு. பிறகு என் காணியையும் கேட்டார், என் இறைப்பு முறையையும் கேட்டார். இரண்டையும் கொடுத்தேன். கேட்டதைக் கொடுக்கிறவனுக்கு வேறொன்றும் சொல்லவேண்டிய கடமை இல்லை என்பது அப்போது என்னுடைய தத்துவம்.

சீனி பங்கீட்டுக்கு வந்த வருடங்களில் அவருக்கு ஒரு பொற்காலம் இருந்தது. கரும்பைப் பிழிந்து பாணி காய்ச்சினார். ஊர் போத்தலோடு வந்து நின்றது. பெரியண்ணையின் பெண்சாதியும் வேலிக்கு மேலால் ஒரு போத்தல் நீட்டினாள். பாணி நல்லாயிருக்கு என்று யாராவது சொன்னால், "எதோடை பாக்க?" என்பார். "சீனி இல்லாத தேத்தண்ணியோடை" என்று ஒரு கிழவி சொன்னாள். அந்த ஒப்பீட்டைச் சரியென்று ஒத்துக்கொண்டு, அவளுக்கு இன்னும் அரைப் போத்தல் விட்டார்.

கரும்பு தண்ணி குடிக்கிற பயிர். புகையிலைக்கு இறைத்த கிணற்றில் நாலு மடங்கு இறைத்தார். எங்கள் கிணறுகளில் மேலே நல்ல தண்ணி, அடியில் கடல். மெதுவாக அள்ளினால் இரண்டும் அவரவர் இடத்தில் இருக்கும். அந்த வருடங்களில் ஊரில் எல்லோரும் மிசின் வைத்து இறைத்தார்கள், வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும். ஆனால் கரும்பு வைத்தவர் ஒருவர்தான். ஆகவே குற்றவாளியைத் தேடி அலையவேண்டி இருக்கவில்லை.

முதலில் சவர்க்காரம் நுரைக்கவில்லை. பிறகு கேத்திலின் உள்ளே வெள்ளையாகப் படிந்தது. பிறகு பெரியண்ணையின் வெங்காயம் நுனி கருகியது. கரும்பும் கருகியது. அத்தான் ஒவ்வொரு அறுவடையையும் நிறுத்து எழுதினார். எங்கள் காணியின் வரி ஆண்டுக்கு ஆண்டு இறங்கியது. ஜாவாவின் வரியை வாசித்த அதே குரலில் அதையும் வாசித்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பங்குக்காரர் கிணற்றடியில் கூடினோம். பெரியண்ணை ஒரு செம்பில் தண்ணி அள்ளி வாயில் விட்டுத் துப்பினார்.

"கடல்காரர் வெறுங்கையோடை வந்தவர் எண்டு நினைச்சம். கடலையும் கூட்டிக்கொண்டெல்லே வந்திருக்கிறார்."

இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். அத்தான் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். அக்காவின் மகளும் வேலியோரம் நின்றாள். பதினேழு வயது, அவளுக்கு என்று வைத்த காணி. உலகத்தை வென்ற கதையைச் சொன்னவன் நான், அந்த எண்ணைக் கொடுத்தவன் நான், அந்த எண் பிழை என்று தெரிந்தபிறகு மிசின் ஓடுவதைக் கேட்டுக்கொண்டு படுத்தவனும் நான். ஒரு வசனம் சொன்னால் போதும். செருமினேன். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"வெயில் ஏறுது" என்றேன்.

அதற்குப் பிறகு அத்தான் குடும்பம் அதிக நாள் அங்கே இருக்கவில்லை. கிளிநொச்சிப் பக்கம் மாற்றம் கேட்டு வாங்கிக்கொண்டு போனார்கள். உப்புச் சவரான கிணற்றுக் காணியைச் சீதனமாகக் கேட்டு யாரும் வரவில்லை. மகள் அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறாள், தனியாகத்தான். நான் ஆண்டுக்கு ஒருமுறை போவேன். அத்தான் சுகம் விசாரிப்பார், மீன் வாங்கிவருவார், படலைவரை வந்து வழியனுப்புவார். என்னிடம் ஒன்றும் கேட்கமாட்டார். யாழ்ப்பாணத்து பஸ் எத்தனை மணிக்கு என்பதைக்கூட, நான் பக்கத்தில் நிற்க, என் மனைவியிடம்தான் கேட்பார். என் மனைவிக்கு அது வேடிக்கையாக இருந்தது. "உங்களை அவர் கணக்கெடுக்கிறேல்லை" என்பாள். எண்பதுகள் தொடங்கிய கையோடு அவர் போய்விட்டார். நித்திரையில்தான், கரைச்சல் இல்லாமல். செத்த வீட்டில் நல்ல மனுசன் என்று பலரும் சொன்னார்கள். எதோடை பாக்க என்று கேட்க ஆளில்லை.

நான் சொல்லவந்தது அச்சுவேலியை விட்டு அவர்கள் போவதற்கு ஒரு மாதம் முந்தி நடந்தது.

ஒரு சனிக்கிழமை முற்பகல். அக்காவும் மகளும் சந்நிதி கோயிலுக்குப் போயிருந்தார்கள். அத்தான் மேசையில் கொப்பியை விரித்து வைத்திருந்தார். பக்கத்தில் உறைகள். விளைச்சல் ஏன் விழுந்தது என்று தண்ணியைக் குற்றம் சொல்லமுன், கொப்பியில் உள்ள எல்லாவற்றையும் முதலிலிருந்து சரிபார்ப்பதாகச் சொன்னார். மொரிசியசுக்குத் திரும்பவும் எழுதியிருந்தார். பெருவுக்கும். மூலையில் ஒரு பழைய தோணிக்கயிறு சுருட்டியபடி கிடந்தது, இடைக்கிடை முடிச்சுப் போட்டு. செம்மண் ஒட்டியிருந்தது. மாடு கட்டுகிற கயிறாக்கும் என்று நினைத்தேன். அவர்களிடம் மாடு இல்லை.

"மச்சான், ஒரு சின்னக் கேள்வி."

"சொல்லுங்கோ அத்தான்."

"உங்கடை பக்கத்திலை எத்தினை பரப்பு ஒரு ஏக்கர்?"

வெளியில் கரும்புத் தோகை காற்றில் உரசிக்கொண்டிருந்தது. காய்ந்த சத்தம்.

"இருபத்துநாலு" என்றேன்.

"தோட்டத்துக்கும் அதுதானோ?"

அவர் கொப்பியைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார். முகத்தில் ஒன்றும் இல்லை, தபாற்கந்தோர் யன்னலுக்குள்ளிருந்து பார்க்கிற முகம். கல்யாண வீட்டில் துடைத்துக் கொடுத்த கதிரை ஞாபகம் வந்தது எனக்கு. நுனியில் இருந்த மனிதர் ஞாபகம் வந்தார். இவ்வளவு நாளும் சொல்லாததை இன்றைக்குச் சொன்னால் இவ்வளவு நாளும் ஏன் சொல்லவில்லை என்பதையும் சொல்லவேண்டும்.

"ஓம்... தோட்டத்துக்கும்."

"சரி" என்றார். எழும்பினார். "இரும், தேத்தண்ணி போட்டுக்கொண்டு வாறன்."

அவர் குசினிக்குள் போனபிறகு கொப்பி என் பக்கம் திரும்பிக் கிடந்தது. எங்கள் காணியின் வரிகள். ஒவ்வொரு வருடத்தின் எண்ணும் ஒற்றைக் கோட்டால் வெட்டப்பட்டு, மேலே பென்சிலால் புது எண் எழுதியிருந்தது. முதல் வருடம் உட்பட. மொரிசியசுக்குக் கீழே, கியூபாவுக்கு மேலே. காணியளவுப் பத்தியில், நாலு பரப்புக்கு ஏக்கரில் ஆறிலொன்று என்று இருந்ததை வெட்டி, நாலிலொன்று என்று திருத்தியிருந்தது. அதற்கு நேரே: ஆதாரம், கயிறு பிடித்து அளந்தது. போன ஞாயிற்றுக்கிழமையின் திகதி.

அதற்கு மேலே பழைய ஆதாரம் அப்படியே இருந்தது. மச்சான் சொன்னது. வெட்டவில்லை. சிவப்புக் கோடு இல்லை. பக்கத்தில் ஒன்றும் இல்லை. பென்சில் கொப்பியின் மடிப்பில் கிடந்தது.

அவர் எண்ணைச் சரிபார்த்து ஒரு கிழமையாகிவிட்டது. இன்றைக்குச் சரிபார்த்தது ஆதாரத்தை.

குசினியில் கேத்தில் கொதிக்கிற சத்தம் கேட்டது. தேத்தண்ணி ஊற்ற நேரம் எடுக்கும். எழும்பிப் போய்க் குசினி வாசலில் நின்று, அத்தான், பிழை, பதினாறு என்று சொல்ல அந்த நேரம் போதும். அலுமாரிக்குள் ஒட்டியிருந்த தபாலட்டை எனக்குத் தெரிந்தது. தூரத்துத் தீவில் யாரோ முகம் தெரியாத கிளாக்கர் ஒரு வரியில் செய்த காரியம். நான் கதிரையில் இருந்தேன்.

அத்தான் இரண்டு கோப்பையோடு வந்தார். வெறுந்தேத்தண்ணி. கடித்துக்கொள்ள ஒரு துண்டு பனங்கட்டி. கரும்புப் பாணி முடிந்துவிட்டது. நான் ஒரு மிடறு குடித்தேன். உப்பு நாக்கில் பிடித்தது. விழுங்கினேன். அவர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தேத்தண்ணி நல்லாயிருக்கு" என்றேன்.

கேட்பார் என்று காத்திருந்தேன். என் வாழ்நாளில் அந்தக் கேள்விக்காக நான் ஆசையோடு காத்திருந்தது அப்போதுதான். கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்று இன்றைக்கும் நினைத்துக்கொள்கிறேன்.

அத்தான் ஒன்றும் கேட்கவில்லை. தன் கோப்பையைத் தள்ளிவைத்துவிட்டு, கொப்பியைத் தன் பக்கம் திருப்பி, பென்சிலை எடுத்தார்.